வார்த்தை இல்லாத ராக்: எல்லாம் ஒரே மாதிரி கேக்குது, அடுத்து எங்க போறது?

சப்டைட்டில்காரி (திருச்சி)

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

வீட்ல இருந்தே சப்டைட்டில் மொழிபெயர்க்குற வேலை எனக்கு. படத்தை ஒரு தடவை முழுசா பாத்துட்டு, அப்புறம் சத்தத்தை அணைச்சுட்டு, இங்கிலீஷ் வரிக்குக் கீழ தமிழ் வரி எழுதிக்கிட்டே போகணும். பத்தரைக்கு வீடு அடங்கினதும் உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆயிடும். அந்த நேரத்துல காதுல ஏதாவது ஓடலைன்னா தூக்கம் சொக்கும். ஆனா வார்த்தை இருக்குற எதுவும் ஆகாது. ராஜா பாட்டு போட்டா கை நின்னுடும், வாய் பாட ஆரம்பிச்சிடும். சரி, வீணையில வாசிச்ச சினிமாப் பாட்டு கேப்போம்னு பாத்தா அது இன்னும் மோசம். வீணை பாட்டுக்கு வாசிக்குது, வரியை நான் நிரப்பிக்கிட்டு இருக்கேன். ஒருநாள் வில்லன் வசனத்துக்கு நடுவுல அரைப் பல்லவி ஏறியிருந்துச்சு. அனுப்புறதுக்கு முன்னாடி கண்ணுல பட்டதால பொழைச்சேன்.

ராஜாவோட வாத்திய ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்' ஒரு வருஷம் காப்பாத்துச்சு. இப்ப அதுவும் நோட்டுக்கு நோட்டு மனப்பாடம்.

போன வருஷம் 'மனிபால்' படம் பாத்தேன். பேஸ்பால் எனக்கு ஒரு இழவும் தெரியாது. ஆனா அந்த டீம் வரிசையா இருபதாவது மேட்ச் ஜெயிக்கிற இடத்துல பின்னாடி ஒரு கிட்டார் மெல்ல மெல்ல ஏறிக்கிட்டே வரும் பாருங்க, அதுக்காகவே ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தேன். தேடினா 'திஸ் வில் டெஸ்ட்ராய் யூ'ன்னு டெக்சாஸ் பேண்ட். அவங்களை கேட்டதும் ஆப்பு 'எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை'யைக் காட்டுச்சு, அங்க இருந்து இன்னும் பத்து பேர். இதுக்குப் பேரு போஸ்ட்-ராக்காம். ஆறு மாசம் சொர்க்கம்.

இப்ப சிக்கல் என்னன்னா எல்லாம் ஒரே பாட்டா கேக்குது. முதல் மூணு நிமிஷம் கொசு மாதிரி ஒரு கிட்டார். அப்புறம் இன்னொரு கொசு. அஞ்சாவது நிமிஷத்துல ட்ரம்ஸ் வந்து சேரும். ஏழாவது நிமிஷம் கோயில் வேட்டு. முடிஞ்சது, அடுத்த பாட்டு, மறுபடி கொசு.

அதுல மோக்வாய்னு ஒரு பேண்டோட 'லைக் ஹெரட்' தனிக் கதை. ஆரம்பம் சரியா கேக்கலைன்னு வால்யூமை முழுசா ஏத்தி வெச்சேன். மூணு நிமிஷம் போல ஆகியிருக்கும், காதுக்குள்ள வீடு இடிஞ்சு விழுந்துச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டதுல டீ மொத்தமும் கீபோர்டு மேல. அம்மா எந்திரிச்சு வந்து "என்னடி கரண்ட் அடிச்சிருச்சா"ன்னாங்க. 'ற' பட்டன் இன்னிக்கு வரைக்கும் ஒட்டுது.

மேத் ராக் கேளு, அதுல இந்த வேட்டு இருக்காதுன்னு ஒருத்தர் சொன்னார். 'ஹெல்லா'ன்னு ஒரு பேண்ட் கேட்டேன். தகர டப்பாவுக்குள்ள கோலிக்குண்டைப் போட்டு உருட்டின மாதிரி இருந்துச்சு.

நான் கேக்குறது இதுதான்: பாட்டு வேண்டாம், ஆனா தாலாட்டும் வேண்டாம். காது விழிச்சிருக்கணும், மண்டையில வார்த்தை வரக்கூடாது. எங்க தேடுறது?

---

ராக்_பாண்டி

காட் ஈஸ் அன் ஆஸ்ட்ரனாட். ரஷ்யன் சர்க்கிள்ஸ். காஸ்பியன். மேபிஷிவில். 65டேஸ் ஆஃப் ஸ்டாட்டிக். முடிஞ்சது சோலி.

---

சப்டைட்டில்காரி

நன்றி அண்ணா. அஞ்சுல மூணு ஏற்கெனவே அந்தக் கொசு லிஸ்ட்ல இருக்கு 🙂

---

லைன்செக் (கும்பகோணம், இப்ப சென்னை)

இருபது வருஷமா மேடைக்கு சவுண்ட் போடுறேன். டிசம்பர்ல சபா, மத்த மாசம் கல்யாண லைட் மியூசிக். பேண்ட் லிஸ்ட் யார் வேணா குடுப்பாங்க, பாண்டி குடுத்தது தப்பான லிஸ்ட்டும் இல்ல. ஆனா லிஸ்ட்டை வெச்சுத் தேடினா நீங்க சொன்ன அதே சுவத்துலதான் போய் முட்டுவீங்க. ஆப்புக்கு 'இது மாதிரி இருக்கு'ன்னு காட்டத்தான் தெரியும். 'இது மாதிரி'யே பத்து கேட்டா கொசுதான் மிஞ்சும்.

நான் எப்படி இதுக்குள்ள வந்தேன்னு சொல்றேன், அதுல உங்களுக்கு வழி இருக்கு.

2008 வாக்குல ஒரு பேஸ் கிட்டார் தம்பி ரைட் பண்ணின சிடி ஒண்ணு குடுத்தான். மேல மார்க்கர்ல இங்கிலீஷ்ல 'மோனோ'ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. நம்ம தொழில்ல அப்படி எழுதினா என்ன அர்த்தம்? ஸ்டீரியோ இல்ல, ஒத்தை சேனல் மிக்ஸ். எவனோ ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணாத டெமோன்னு நெனச்சு கேபிள் பெட்டியில போட்டுட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல அங்கயே கிடந்துச்சு.

அப்புறம் தஞ்சாவூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். விடிய மூணு மணிக்கு ஸ்பீக்கர் எல்லாம் கட்டி முடிச்சு, லெஃப்ட் ரைட் ரெண்டும் வேலை செய்யுதான்னு பாக்கணும். கைக்கு வந்தது இந்த சிடி. மோனோதானே, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், செக் பண்ண வசதின்னு போட்டேன். போட்டா ஒரு கிட்டார் இடது பக்கம், ஒரு கிட்டார் வலது பக்கம், நடுவுல காலி மண்டபம். அப்பத்தான் உறைச்சுது, மோனோங்கிறது பேண்டோட பேரு. டோக்கியோ ஆளுங்க, 1999ல ஆரம்பிச்சவங்க. அந்த ஆல்பம் 2006ல வந்த 'யூ ஆர் தேர்'. ஆறே ஆறு டிராக். மூணாவது 'யெர்னிங்' கால் மணி நேரத்துக்கும் மேல போகும். அதை ஓட விட்டுட்டு மிக்சர் பக்கத்துல நின்னுக்கிட்டு இருக்கேன், சமையக்கட்டுல இருந்து ஒரு பெரியவர் கையில கரண்டியோட வந்து தூண் ஓரமா நின்னார். பத்து நிமிஷம் அசையல. கடைசியில என்கிட்ட வந்து மரியாதையா கேட்டார்: "தம்பி, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

இதுதான் பாட்டுங்கன்னேன். "அப்படியா"ன்னு தலையாட்டினவர் போகல. முடியுற வரைக்கும் நின்னுட்டுத்தான் போனார்.

சரி, வழி. அந்த சிடிக்கு அட்டை கிடையாது, பின்னாடிதான் நெட்ல விவரம் பாத்தேன். அதுல ஒரு வரி: ரெக்கார்ட் பண்ணினது ஸ்டீவ் ஆல்பினி. என் தேடல் முழுக்க அந்த ஒரு பேருக்குள்ள இருந்துதான் கிளம்புச்சு. சிகாகோவுல எலெக்ட்ரிகல் ஆடியோன்னு ஸ்டூடியோ வெச்சிருந்தவர். தன்னை 'புரொட்யூசர்'னு போட விடமாட்டார். ராயல்டி வாங்கமாட்டார். பிளம்பருக்குக் குடுக்குற மாதிரி செஞ்ச வேலைக்குக் கூலி குடுங்க போதும்னு நிர்வானாவுக்கே லெட்டர் எழுதினவர். அறைக்குள்ள ட்ரம்ஸ் எப்படிக் கேக்குமோ அப்படியே பிடிப்பார். மைக்கை ட்ரம்முக்குப் பக்கத்துல மட்டும் இல்லாம தள்ளி, தரையில எல்லாம் வெப்பார். கேக்கும்போது சுவத்துக்கும் ட்ரம்முக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு காதுக்குத் தெரியும். 2024 மே மாசம் போய்ட்டார். அவர் கையால பதிவான மோனோவோட 'ஓத்' அடுத்த மாசம்தான் வெளிவந்துச்சு. நான் அதை முதல் தடவை கேக்கும்போது கிட்டார் பக்கம் காது போகவே இல்ல, ட்ரம்ஸ் சுத்தி இருக்குற காத்தைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

இந்த ஆள் பேரைப் பிடிச்சு எங்கெல்லாம் போகலாம்னு பாருங்க.

டர்ட்டி த்ரீ. மெல்போர்ன். வயலின், கிட்டார், ட்ரம்ஸ், அவ்வளவுதான், பேஸ் கூட கிடையாது. 1998ல வந்த 'ஓஷன் சாங்ஸ்' ஆல்பினி பதிவு பண்ணினது. உங்க ராத்திரி வேலைக்கு நான் முதல்ல எழுதிக் குடுக்குற மருந்து இதுதான். கொசுவும் இல்ல, வேட்டும் இல்ல. ஏறும், இறங்கும், ஆனா அலை மாதிரி, எப்பன்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. ஜிம் வைட்டோட ட்ரம்ஸை மட்டும் தனியா கேளுங்க. தாளத்தைப் பிடிச்சு வெக்கிற வேலையே அவர் செய்யமாட்டார். பேசிக்கிட்டு இருக்குறவங்க நடுவுல "ம்... ம்..." கொட்டுற மாதிரி வாசிப்பார். பாடகர் இல்லாத இடத்துல அவர்தான் ஆள்.

ஸ்லின்ட். கென்டக்கி மாநிலம் லூயிவில் பசங்க. முதல் ஆல்பம் 'ட்வீஸ்' ஆல்பினி பதிவு. ரெண்டாவதும் கடைசியுமான 'ஸ்பைடர்லேண்ட்' (1991) வேற ஒருத்தர் பதிவு பண்ணினது, ஆனா அதுக்கு லண்டன் பத்திரிகை ஒண்ணுல பத்து நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதினது ஆல்பினி. ஆல்பம் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே பேண்ட் கலைஞ்சு போச்சு. அப்ப பெருசா யாரும் வாங்கல. இன்னிக்கு நீங்க கேக்குற போஸ்ட்-ராக், மேத் ராக் ரெண்டுக்கும் அந்த ஆறு பாட்டுதான் தாய்வீடு. ஒரு எச்சரிக்கை: அதுல ஒருத்தர் முணுமுணுப்பா கதை சொல்லுவார், வேலை நேரத்துல வேண்டாம். லீவு நாள்ல கேளுங்க.

ஸ்லின்ட்ல கிட்டார் வாசிச்ச டேவிட் பேஜோவைப் பின்தொடர்ந்தா சிகாகோ 'டார்டாய்ஸ்' வரும். 1996 ஆல்பத்துல அவர் இருக்கார். அதோட முதல் டிராக் 'ஜெட்' இருபது நிமிஷத்துக்கு மேல. நடுவுல ஒரு இடத்துல சிடி கீறிடுச்சோன்னு எழுந்து பாப்பீங்க. கீறல, வேணும்னே பண்ணியிருக்காங்க. வைப்ரஃபோன், மரிம்பான்னு கட்டைகளைக் குச்சியால தட்டுற வாத்தியம் எல்லாம் வெச்சு வாசிக்கிறவங்க. அவங்ககிட்ட வேட்டுங்கிற பேச்சே கிடையாது.

மோக்வாயை விட்டுடாதீங்க, கோவம் வந்திருக்கும்னு தெரியும். 2001ல ஆல்பினிகிட்ட போய் ஒரே ஒரு பாட்டு பண்ணினாங்க, இருபது நிமிஷம், 'மை ஃபாதர் மை கிங்'. யூதர்களோட பிரார்த்தனைப் பாட்டு ஒண்ணோட மெட்டு. அதுலயும் வேட்டு உண்டு, ஆனா அந்த மெட்டு முதல்ல இருந்தே உங்க கையைப் பிடிச்சிருக்கும்.

அந்த டீ விஷயத்துக்கு ஒரு தொழில் யோசனை. ஆரம்பம் கேக்கலைன்னு வால்யூமை ஏத்தக்கூடாது. பாட்டோட சத்தமான இடத்தை முதல்ல தேடி, அதுக்கு வால்யூமை வெச்சுட்டு முதல்ல இருந்து போடுங்க. ஆரம்பம் பாதி கேக்காது. கேக்க வேண்டாம். காது தானா அதைத் தேடிக்கிட்டுப் போகணும்னுதான் அவ்வளவு சின்னதா வெச்சிருக்காங்க. ஆப்புல க்ராஸ்ஃபேட் இருந்தா அணைச்சிடுங்க, ஒரு பாட்டோட வாலை அடுத்த பாட்டு தின்னுடும். போன்ல டால்பி, அது இதுன்னு என்ன ஆன்ல இருந்தாலும் அணைங்க. ப்ளேலிஸ்ட் ஆகவே ஆகாது, ஆல்பமா போடுங்க. உங்க 'எல்லாம் ஒரே பாட்டு' வியாதில பாதி ப்ளேலிஸ்ட்டால வந்தது. பத்து பேண்டோட உச்சத்தை மட்டும் வெட்டி ஒட்டினா வேட்டுக்கடைதான் மிஞ்சும்.

இன்னொரு வழியும் உண்டு. பேண்ட்கேம்ப்னு ஆல்பம் விக்கிற வெப்சைட் இருக்கு, அதுல ஒவ்வொரு ஆல்பத்துக்குக் கீழயும் அதைக் காசு குடுத்து வாங்கினவங்களோட சின்னப் படங்கள் வரிசையா இருக்கும். உங்களுக்குப் பிடிச்ச, ஆனா ரொம்பப் பேர் வாங்காத ஆல்பத்துக்குப் போய் அந்தப் படங்கள்ல ஒண்ணைத் தட்டுங்க. அவர் வாங்கினது மொத்தமும் அலமாரி மாதிரி திறக்கும். முகம் தெரியாத ஒரு போலந்துக்காரர் அலமாரியில நான் ஒரு மழைக்காலம் முழுக்கக் குடியிருந்தேன்.

மேத் ராக்குக்கு ஏழரை வருவார்னு நெனைக்கிறேன். எங்கய்யா இருக்கீங்க?

---

ஏழரை

வந்தாச்சு.

அக்கா, ஹெல்லாவுல ஆரம்பிச்சது உங்க தப்பு இல்ல, சொன்னவர் தப்பு. நீச்சல் தெரியாதவங்களைக் கல்லணையில மதகு திறக்கும்போது தள்ளிவிட்ட மாதிரி. எனக்கு ஹெல்லா உசுரு, அது வேற. நாலு வருஷம் கழிச்சு மறுபடி போங்க.

தைவான்ல கவ்ஷியுங்னு ஒரு ஊர், அங்க இருந்து 'எலிஃபன்ட் ஜிம்'. அண்ணன் கிட்டார், தங்கச்சி பேஸ், நண்பர் ட்ரம்ஸ். இதுல மெட்டை பேஸ்தான் சுமக்கும். மத்த பேண்ட்ல பேஸ் பந்தக்கால் மாதிரி ஓரமா நிக்கும், இங்க அதுதான் மாப்பிள்ளை. சில பாட்டுல பாடுவாங்க, உங்களுக்கு சீன மொழி தெரியாதுன்னா பிரச்சினை இல்ல.

அடுத்து 'டோ'. டோக்கியோ, 2000ல ஆரம்பிச்சது. 2005ல வந்த முதல் ஆல்பத்தைக் கேளுங்க. கிட்டார் ரெண்டும் சுத்தமா, டிஸ்டார்ஷன் இல்லாம, பேசிக்கிற மாதிரி போகும். ட்ரம்மர் காஷிகுரா கீழ இருந்து கொதிக்க விட்டுக்கிட்டே இருப்பார். மேல தயிர், கீழ அடுப்பு. எது முன்னாடி, எது பின்னாடின்னு காது மாத்தி மாத்திப் பாக்கும். தூக்கம் வர வாய்ப்பே இல்ல.

'மேத்'னா என்னன்னு பயப்பட வேண்டாம். நாலு நாலா எண்ண மாட்டாங்க, அவ்வளவுதான். 'மிஷன் இம்பாசிபிள்' தீம் தெரியுமில்ல? அதைத் தொடையில தட்டிப் பாருங்க: தகிட தகிட தக தக. மூணு, மூணு, ரெண்டு, ரெண்டு. மொத்தம் பத்து. உலகம் முழுக்க அம்பது வருஷத்துக்கு மேல யாரும் எண்ணாமயே ரசிச்சுக்கிட்டு இருக்காங்க. மிஸ்ர சாபு தாளம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரங்க நாம, தகிட தகதிமி ஏழு நமக்கு என்ன புதுசா? இவங்க பண்ற இன்னொரு விளையாட்டு, கிட்டார் ஏழா சுத்தும், ட்ரம்ஸ் நாலா சுத்தும். ரெண்டும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சா இருபத்தெட்டு கழிச்சுத்தான் திரும்ப ஒண்ணா விழும். விழுற அந்த இடம் இருக்கே, மிருதங்கத் தனி ஆவர்த்தனத்துல கோர்வை, அதாவது முடிப்புக் கணக்கு, முடிஞ்சு சமத்துல, தாளம் ஆரம்பிக்கிற இடத்துல, வந்து உக்காருற அதே சுகம்.

அமெரிக்கன் ஃபுட்பால்னு ஒரு பேண்ட், அவங்க பாடுவாங்க, அதனால சிபாரிசு இல்ல. ஆனா கிட்டார் வாசிக்கிறவங்க யாராவது படிச்சா: அவங்க தந்தியை எஃப், ஏ, சி, ஜி, சி, இ-ன்னு மாத்திக் கட்டுவாங்க. நம்ம வயலினை ஸ-ப-ஸ-பன்னு கட்டுற மாதிரி, விரல் வைக்காமயே ஒரு சுருதி கேக்கும்.

---

லைன்செக்

ஏழரை, எல்லாம் சரி, ஆனா அந்தக் கோர்வை ஒப்பீட்டை நான் அப்படியே விட மாட்டேன். கச்சேரியில தாளம் அசையாது. கையில போட்டுக்கிட்டே இருப்பாங்க, கணக்கெல்லாம் அதுக்கு மேலதான் நடக்கும். இவங்க நிறைய இடத்துல தாளத்தையே மாத்திக்கிட்டே போறாங்க, ஒரு தடவை ஏழு, அடுத்த தடவை ஆறு, அப்புறம் அஞ்சு. கையில தாளம் போட்டா கை பேஸ்தடிச்சுப் போயிடும். இது இன்னொரு விளையாட்டு, நம்மளது மாதிரி இருக்குன்னு சொல்லி வேற்றுமையை அழிச்சிடாதீங்க.

---

ஏழரை

ஒத்துக்குறேன். நிறைய இடத்துல அப்படித்தான். ஆனா 'டான் கபலேரோ'ங்கிற மேத் ராக் பேண்டோட ஃபர்ஸ்ட் ரெண்டு ஆல்பம் கேளுங்க, ட்ரம்மர் டேமன் சே தனி ஆவர்த்தனம் வாசிக்கிறார், மத்தவங்க பக்கவாத்தியம். அதை மட்டும் விட்டுக்குடுக்க மாட்டேன். முதல் ஆல்பம் (1993) உங்க ஆல்பினி பதிவுதான்.

---

லைன்செக்

அது நியாயம் 😄 அந்த பேண்ட் கிட்டார் இயன் வில்லியம்ஸைப் பின்தொடர்ந்தா நியூயார்க் 'பேட்டில்ஸ்' வரும். அங்க ட்ரம்ஸ் ஜான் ஸ்டேனியர். ஒரு க்ராஷ் சிம்பலை ஆளுக்கு எட்டாத உசரத்துல கட்டி வெச்சிருப்பார், அடிக்கணும்னா கையை நீட்டி எட்டணும். நெனச்சபடியெல்லாம் சிம்பல் அடிக்காம தன்னைத் தானே கட்டிப்போட்டுக்குறார். மைக் வைக்கிறவன் பாடுதான் திண்டாட்டம்.

---

மொன்றியல்_குளிர்

தங்கச்சி, நான் இஞ்ச மொன்றியலில இருந்து எழுதுறன். எங்கட ஊர்ப் பேர் ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு கவலையாக் கிடக்கு. 'காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்' இந்த ஊர்க்காரர்.

நான் அவையின்ர கச்சேரிக்கு என்ர மனுசியையும் கூட்டிக்கொண்டு போனனான். மேடையில லைட் இல்லை. எல்லாரும் அரைவட்டமா இருந்து, எங்களைப் பாராமல் தங்களுக்குள்ள வாசிக்கினம். பின்னால பழைய பதினாறு மில்லிமீற்றர் படச்சுருள், அதில ஆணியால கீறின மாதிரி 'நம்பிக்கை' எண்டு இங்கிலீசில ஒரு சொல்லு துடிச்சுக்கொண்டு நிக்கும். வணக்கம் இல்லை, நன்றி இல்லை. மனுசி முதல் அரை மணித்தியாலம் "உவை இன்னும் ட்யூன் பண்ணி முடியேல்லையோ" எண்டு கேட்டவ. வெளியில வரேக்க பேசேல்லை. பஸ்ஸிலயும் பேசேல்லை. வீட்டில வந்து தேத்தண்ணி போட்டாப் பிறகு "அந்தக் கடைசித் துண்டை இன்னொருக்காப் போடுங்கோ" எண்டா.

அவையின்ர முதல் எல்பி இசைத்தட்டு 1997ல இஞ்ச கான்ஸ்டலேஷன் எண்ட சின்னக் கொம்பனி விட்டது. உறைக்குள்ள ஒரு சின்ன என்வலப், அதுக்குள்ள ரயில் ஏறி நசுங்கின ஒரு சதக் காசு. கடைசிப் பள்ளம் முடியாமல் சுத்திக்கொண்டே இருக்கும், நீங்கள் எழும்பி ஊசியைத் தூக்குமட்டும். ஆல்பத்தின்ர பேரிலயே முடிவிலிக் குறி இருக்கு. 2013ல கனடாவின்ர பொலாரிஸ் பரிசு கிடைச்சது. விழாவுக்குப் போகேல்லை. காசு கியூபெக் சிறையில இருக்கிறவைக்கு வாத்தியம் வாங்கப் போகுது எண்டு அறிவிச்சினம்.

ஆனால் உங்கட வேலைக்கு ஒரு கவனம். அவையின்ர பாட்டில இடைக்கிடை ஆரோ தெருவில பேசினதைப் பதிஞ்சு போட்டிருப்பினம். முதல் எல்பி தொடங்கிறதே ஒரு மனுசன்ர கதையோட. உங்கட கை தன்பாட்டில சப்டைட்டில் போட்டுடும். பேச்சு இல்லாதது வேணுமெண்டா 2002ல வந்த 'யாங்கி'யில தொடங்குங்கோ. அதையும் அந்த ஆல்பினிதான் பதிஞ்சவர்.

மொழிபெயர்ப்பாளருக்கு இன்னொண்டும் சொல்லவேணும். ஐஸ்லாந்தின்ர 'சிகுர் ரோஸ்' 2002ல ஒரு ஆல்பம் விட்டவை, பேரே வெறும் அடைப்புக்குறி. பாட்டுகளுக்கும் பேர் இல்லை, உள்ளுக்கு இருக்கிற புத்தகமும் வெறுமை. முழுக்கப் பாடுறாங்கள், ஆனால் எந்தப் பாஷையும் இல்லை, அர்த்தமில்லாத ஓசை. மொழிபெயர்க்கவே ஏலாத குரல். உங்களுக்கு அது ஓய்வா இல்லை தண்டனையா எண்டு எனக்குத் தெரியேல்லை.

---

ராக்_பாண்டி

நம்ம நாட்டு ஆளுங்களை யாருமே சொல்லலையே. அஹமதாபாத்ல ஆரம்பிச்ச 'அஸ்வீகீப்சர்ச்சிங்', 2015ல 'குவாப்'. சில இடத்துல இந்தி வரும். இந்தத் தடவை ஒண்ணுதான் குடுத்திருக்கேன், திட்டாதீங்க.

---

சப்டைட்டில்காரி

மூணு வாரம் கழிச்சு வர்றேன். எல்லாருக்கும் பதில் போட முடியாததுக்கு மன்னிக்கணும், ஒரு கோர்ட் சீரியல் வந்து மாட்டிக்கிச்சு. எட்டு எபிசோட், எல்லாரும் நிறுத்தாம பேசுறாங்க.

லைன்செக் அண்ணா, 'ஓஷன் சாங்ஸ்' நீங்க சொன்ன மாதிரியே வேலை செஞ்சுது. ஒரு திருத்தம் மட்டும். அலைன்னு சொன்னீங்க, எனக்கு அது காவிரிப் பாலத்து மேல ராத்திரி பஸ் போற மாதிரி இருந்துச்சு. ஒவ்வொரு இணைப்புலயும் ஒரு தடக், ஆனா ரெண்டு தடக்குக்கு நடுவுல இடைவெளி மாறிக்கிட்டே இருக்கு. அந்த ட்ரம்மர் எப்ப அடிப்பார்னு காத்திருந்தே மூணு எபிசோட் முடிச்சேன். வால்யூம் யோசனையும் உண்மை. 'லைக் ஹெரட்' திரும்பப் போட்டேன். இந்தத் தடவை டீயைத் தரையில வெச்சுட்டுப் போட்டேன். ஆரம்பம் பாதிதான் கேட்டுச்சு, ஆனா அந்தப் பாதியில ஒரு பேஸ் இருக்குறது முன்னாடி எனக்குத் தெரியவே தெரியாது.

டார்டாய்ஸ் சிடி கீறல் இடத்துல, சொல்லி வெச்சிருந்தும், ஹெட்போன் வயரைத்தான் முதல்ல ஆட்டிப் பாத்தேன்.

மொன்றியல் அண்ணா, அடைப்புக்குறி ஆல்பம் தண்டனைதான். அர்த்தமில்லாத குரல்னு தெரிஞ்சும் மண்டை அதுக்குத் தமிழ் தேடுது. நாலாவது பாட்டுல ஒரு வரி "யூ சை லோ"ன்னு வந்துக்கிட்டே இருந்துச்சு, நான் பாட்டுக்கு அதை 'உசிலை'ன்னு எழுதி வெச்சிருக்கேன். சாட்சிக் கூண்டுல நிக்கிறவர் உசிலம்பட்டிக்காரர் ஆயிட்டார். நிறுத்திட்டேன்.

ஏழரை தம்பி, எலிஃபன்ட் ஜிம் போட்டுக்கிட்டு தொடையில தட்டிக்கிட்டு இருந்தேன். தகிட தகதிமின்னு பாதி தூரம் வருது, அப்புறம் எங்கயோ ஒண்ணு குறையுது. நாலு தடவை எண்ணினேன். அம்மா தண்ணி குடிக்க வந்தவங்க நின்னு பாத்துட்டு, "எண்ணாதடி, அது அங்க மூச்சு விடுது"ன்னுட்டுப் போய் படுத்துட்டாங்க. அவங்க சொன்னது சரியா, இல்ல நான் எண்ணினது தப்பா?

---

ஏழரை

எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிஷம்? சொல்லுங்க, நானும் எண்ணிப் பாக்குறேன். அதுக்கு முன்னாடி அம்மாவுக்கு டோ போட்டுக் காட்டுங்க.